விரல் முட்டிகளில் ஏறிய நிறம்

ஈப்போ பழைய டவுனில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். கீழே கடை நடத்துவது ஒரு இந்திய முஸ்லிம் குடும்பம். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். அடுப்படி முழுக்க அவர் மனைவியின் பொறுப்பு. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் நான் படியேறுவதற்குள் தாளிப்பு வாசம் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கும். முடி வெட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் இறங்கிப் போகும்போது அங்கே ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் என் இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளின்மேல் தோல் நிறம் மாறத் தொடங்கியது. சிவப்பு என்று சொன்னால் சரியாக வராது. என் நிறத்தில் சிவப்பு தெரியாது. மங்குஸ்தான் பழத்தை உடைத்துத் தின்ற பிறகு விரலில் ஒரு கறை ஒட்டியிருக்குமே, கழுவினாலும் முழுசாகப் போகாமல், அந்த மாதிரி ஒரு ஊதா. மேலே சின்னச் சின்னத் தட்டையான மேடுகள். தொட்டால் சொரசொரவென்று இருக்கும். லேசாகச் செதில் உதிரும்.

நான் பயப்படவில்லை. நாள் முழுக்க முடிச்சாயம் கலக்குகிற கை, ஷாம்பு நுரையில் ஊறுகிற கை. வேறு எதனால் வரப்போகிறது? அதோடு, நான் வளர்ந்த வீட்டில் கை எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் இப்போது வீடு வாங்கிக் குடியிருக்கும் தாமான் குடியிருப்புகூட ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம்தான். அந்தப் பக்கத்து மனிதர்களுக்குக் கை என்றால் வேலை செய்யும் சாமான். வெடித்தால் எண்ணெய் தடவிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

என் கணவர் லோரி ஓட்டுகிறவர். கமுந்திங் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் போவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கையைப் பார்த்தார்.

"நீ மத்தவங்க தலையில பூசுற மருந்து உன் கையத் திங்குது," என்றார்.

"கையுறை போட்டுக்கிறேன்."

"அத முன்னாடியே போட்டிருக்கணும்."

கையுறை போட்டேன். சாயத்தின் பிராண்டை மாற்றினேன். ஷாம்புவை மாற்றினேன். வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்பையும் மாற்றினேன். ஒரு கிளினிக்கில் காட்டி, களிம்பு வாங்கித் தடவினேன். தடவும்போது கொஞ்சம் அடங்கும், விட்டால் திரும்ப வரும். வேலையை விட்டால்தான் போகும் என்று முடிவு கட்டி, அதை மறந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் அக்காவுக்கும் கை பற்றி ஒரு கவலை இருந்தது. அவர் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. அக்காவின் விரல் முட்டிகள் ரொம்ப நாளாகவே கறுத்துப் போயிருந்தன. என்னுடையது போல ஊதா இல்லை. கறுப்பு. தோல் தடித்து, தடவினால் வெல்வெட் துணியைத் தொடுகிற மாதிரி இருக்கும். கழுத்தின் பின்பக்கமும் அப்படித்தான். நிக்காஹ் அன்று மருதாணி வைத்தால் எடுபடாது என்று அவருக்கு வருத்தம். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் மாடிக்கு ஏறி வந்து, கையை என் மேசையில் வைத்தார்.

"சட்டி தேச்சுத் தேச்சு இப்படி ஆயிருச்சு. ஏதாச்சும் போட்டு எடுத்து விடுமா."

சர்க்கரையும் தேனும் எலுமிச்சையும் கலந்து தேய்த்துப் பார்த்தேன். பார்லரில் இருந்த கிரீம்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். தோல் பளபளத்ததே தவிர நிறம் அசையவில்லை. அக்கா தன் கையையும் என் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"பார்லர்காரி கையே இப்படி இருக்கு. நான் யார்கிட்ட வந்து கேக்குறேன் பாரு லா."

நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாள் கழித்து எனக்குக் கண் இமைகள் உப்பத் தொடங்கின. அவற்றிலும் லேசாக அந்த ஊதா நிறம். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தோள் கனத்தது. வலி இல்லை. கையைத் தூக்கினால் யாரோ மேலிருந்து அழுத்துகிற மாதிரி ஒரு பாரம். வீட்டில் துணி காயப்போடும் கம்பி எட்டவில்லை. அது எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது. நான் கணவரிடம் அதைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னேன். அவரும் ஏன் என்று கேட்காமல் இறக்கிக் கட்டினார். குளியலறையில் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க வாளியின் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. வயது ஐம்பதைத் தொடப்போகிறது, நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

பதில் இல்லாமல் போனது ஒரு கல்யாண நாளில்.

மணப்பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். கூந்தலைப் பின்னால் தூக்கிச் சுருட்டி, ஊசிகளைக் குத்தி, பூச்சரத்தைச் சுற்ற வேண்டும். நூறு பெண்களுக்காவது செய்திருப்பேன். பாதியில் என் இரண்டு கைகளும் இறங்கிவிட்டன. நான் இறக்கவில்லை. அவையாக இறங்கின. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பத் தூக்கினேன். காது வரைக்கும் போயின, அதற்குமேல் போகவில்லை. மணப்பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா?"

"ஒன்னுமில்லமா. கை மரத்துப் போச்சு."

பெண்ணின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன நினைத்தாரோ தெரியவில்லை. எழுந்து வந்து புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, நான் குத்துறேன்," என்றார். நான் பக்கத்தில் நின்று, இங்கே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, பூவை இடப்பக்கத்திலிருந்து கொண்டு வாருங்கள் என்று சொல்லச் சொல்ல, அவரே மகளுக்கு முழு அலங்காரத்தையும் முடித்தார். கொண்டை கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் முடித்த பிறகு அந்த அம்மா மகளின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் கட்டியிருந்தால் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அவர்கள் போன பிறகு நான் சோபாவில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

ஆனால் அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போனது எனக்காக இல்லை. அக்காவுக்கு அடுப்படியில் தலை சுற்றிவிட்டது. காலில் ஒரு புண் வேறு ரொம்ப நாளாக ஆறாமல் இருந்தது. அண்ணனால் கல்லாவை விட்டு வர முடியவில்லை.

"தங்கச்சி, நீ கூட வாரியா? தனியாப் போனா டாக்டர் சொல்றது எனக்கு மண்டையில ஏறாது."

"வாரேன் அக்கா. போலாம்."

அரசாங்கக் கிளினிக். டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. காலில் இருந்த புண்ணைப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைத் தூக்கி முட்டிகளைத் தடவிப் பார்த்தார். முக்காட்டை லேசாக விலக்கிக் கழுத்தையும் பார்த்தார்.

"மக்சிக், இந்தக் கறுப்பு எத்தனை நாளா இருக்கு?" என்று, பெரியவர்களை மலாயில் கூப்பிடுகிற முறையில் கேட்டார்.

"அது அடுப்படிக் கறுப்பு டாக்டர். தேய்ச்சாப் போகாது. இவகூட தேய்ச்சுப் பார்த்துட்டா," என்று அக்கா என்னைக் காட்டினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. மெதுவாக விளக்கினார். இது அழுக்கும் இல்லை, கரியும் இல்லை. உடம்பில் சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் போகும்போது, தோல் சில இடங்களில் இப்படித் தடித்துக் கறுக்கும். கழுத்தில் வரும், அக்குளில் வரும், சிலருக்கு முட்டிகளில் வரும். உடனே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். விரலில் ஊசி குத்திப் பார்த்தபோது வந்த அளவு அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அக்கா கலங்கிப்போனார். நான் அவர் தோளில் கை வைத்தேன். டாக்டரின் பார்வை அந்தக் கையின்மேல் விழுந்து அப்படியே நின்றது.

"உங்க கையக் காட்டுங்க."

"நான் துணைக்கு வந்தேன் டாக்டர். இது முடிச்சாயத்தால வந்த அலர்ஜி."

"பரவாயில்ல, காட்டுங்க."

இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தேன். அவர் விரல்களை விரிக்கச் சொன்னார். விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். சாய அலர்ஜியாக இருந்தால் விரல் இடுக்குகளில்தான் அதிகமாக இருக்கும். உங்களுக்கு இடுக்குகள் சுத்தமாக இருக்கின்றன. முட்டிகளில் மட்டும், ஒரு முட்டி விடாமல், ஏறியிருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி இமைகளைப் பார்த்தார்.

"கைகளைத் தலைக்கு மேல தூக்க முடியுதா?"

நான் தூக்கிக் காட்டினேன். காது வரைக்கும் போயின.

"நாற்காலிய விட்டு எழுந்திருங்க. கைய மார்புல கட்டிக்கிட்டு."

இது என்ன விளையாட்டு என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு எழ முயன்றேன். உடம்பு முன்னால் சாய்ந்தது, இடுப்பு கிளம்பவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். பக்கத்து நாற்காலியில் அக்கா தன் சர்க்கரையை மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றுவரை எதுவும் தெரியாது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பி விட்டார். "இது தோல் நோய் மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். தசையிலயும் இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில இந்த வாரமே பார்க்கணும். நானே போன் பண்ணிச் சொல்றேன்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகள் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் சொல்லல?" என்று அக்கா கேட்டார்.

"என்னன்னு சொல்றது அக்கா? கை தூக்க முடியலன்னு சொன்னா, யார் என்கிட்ட முடி வெட்ட வருவா?"

அக்கா தன் மடியில் இருந்த மாத்திரைப் பையைப் பார்த்துக்கொண்டே, "நல்ல வேளை, எனக்குத் தலை சுத்துச்சு," என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முட்டித் தோலில் ஒரு துளி வெட்டி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தசைகளைப் பரிசோதித்தார்கள். நோய்க்கு ஒரு நீளமான பெயர் இருந்தது, டெர்மட்டோமயோசைட்டிஸ். என் கணவர் அதை ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. "அந்த முட்டி நோய்" என்றுதான் இன்றைக்கும் சொல்வார். அங்கே இருந்த தோல் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் எளிமையாகச் சொன்னார்: வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி உங்கள் தசையையும் தோலையும் தாக்குகிறது. தொற்று நோய் இல்லை. நீங்கள் தொட்டு யாருக்கும் வராது. சாயம் காரணம் இல்லை. நீங்கள் செய்த எதுவும் காரணம் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால், சில பேருக்கு உடம்பில் வேறெங்கோ புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். இருக்கிறது என்று சொல்லவில்லை, பார்த்துவிட வேண்டும் என்கிறேன். மார்பு, வயிறு, கர்ப்பப்பை எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. வீட்டில் நாங்கள் இருவரும் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசிக்கொண்டோம். கணவர் தூரப் பயணங்களுக்குப் போகவில்லை. என்னால் தலை வார முடியாது என்பதால் அவரே வாரிவிடத் தொடங்கினார். முதல் நாள் சீப்பை நடு உச்சியில் குத்தி நேராகக் கீழே இழுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிக்கல நுனியில இருந்து எடுக்கணுங்க. மேல இருந்து இழுக்கக்கூடாது."

"முன்னாடியே சொல்ல மாட்டியா?"

பின்னல் போடச் சொல்லிக் கொடுத்தேன். லோரியில் கித்தான் கட்டுகிற கை அவருக்கு. நெற்றித் தோல் பின்னால் போகும் அளவுக்கு இறுக்கிப் பின்னினார். ஆனால் அவிழவே அவிழாது. காலையில் போட்டால் மறுநாள் வரைக்கும் அப்படியே இருக்கும். ஒருநாள் பின்னிக்கொண்டே கேட்டார்.

"ஸ்கேன்ல ஏதாச்சும் இருந்தா என்ன செய்றது?"

"இருந்தா பார்ப்போம்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும்," என்றார். பிறகு ரப்பர் பேண்டைப் போட்டு முடித்தார்.

ஸ்கேனில் எதுவும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். கணவர் எழுந்து வெளியே போனார். சரக்கு முதலாளிக்குப் போன் பண்ணப் போவதாகச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் யாருக்கும் போன் பண்ணாமல் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியது. வெயிலில் போகக்கூடாது, நீளக் கை சட்டை போட வேண்டும் என்றார்கள். முகம் உருண்டு, கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஆயிற்று. என் முடியே கொத்தாகக் கொட்டியது. முடியை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அது ஒரு தனிச் சோதனை. பார்லர் மூடிக் கிடந்தது. என் கையைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒன்றிரண்டு பேர், தொற்று நோயாம் என்று பேசிக்கொண்டார்களாம். அக்கா கடையில் வைத்தே அவர்களுக்குப் பதில் சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது உனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலங்களில் கணவர் என்னைக் கடையில் கொண்டுவந்து விடுவார். மாடிக்கு ஏற முடியாது என்பதால் அக்காவின் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்குச் சோறும் இனிப்பும் தடை. எனக்கு மாத்திரையால் எந்நேரமும் பசி. அதோடு, அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் எனக்கும் இனிப்பு கூடாது. இருவரும் தே ஓ கோசோங் குடிப்போம், பாலும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல்.

"உனக்குப் பசிக்குது, திங்கக்கூடாது. எனக்குச் சமைக்கத் தெரியுது, திங்கக்கூடாது. நல்ல ஜோடி லா நாம," என்பார் அக்கா.

மகளின் நிக்காஹ் அந்த நடுவில்தான் நடந்தது. அக்காவின் முட்டிகள் கறுப்பாகவேதான் இருந்தன. அவர் மருதாணியை உள்ளங்கையில் மட்டும் வைத்துக்கொண்டார்.

பலம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில், படுத்திருந்தபடியே தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிந்தது. பிறகு கையை ஊன்றாமல் கட்டிலை விட்டு எழ முடிந்தது. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், சுவரில் விரல்களை நடத்தி மேலே கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடப் போகும், சில நாள் குறைந்துவிடும். முட்டிகளில் ஊதா நிறம் மங்கிப் போய், மெலிந்த வெளிர் தழும்புகள் மட்டும் தங்கின. மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஒருமுறை குறைத்ததும் ஊதா திரும்ப எட்டிப் பார்த்தது. திரும்ப ஏற்றினார்கள். இன்றைக்கும் ஒரு மாத்திரை ஓடுகிறது. முட்டிகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தசை சொல்வதற்கு முன்னால் அவை சொல்லிவிடும்.

பார்லரைத் திறந்தபோது சில மாற்றங்கள் செய்தேன். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியைத் தாழ்வாக மாற்றினேன். எனக்கு ஒரு சக்கர ஸ்டூல் வாங்கினேன். உட்கார்ந்தே வெட்டுவேன். கல்யாண அலங்காரத்துக்கு இப்போது ஒப்புக்கொள்வதில்லை. அது கொஞ்சம் வருத்தம்தான். அக்கா சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். காலில் இருந்த புண் ஆறியது. முட்டிகளின் தடிப்பு இறங்கி, கறுப்பும் ஒரு சாயல் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. போகாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்துவிடுகிறேன். எல்லாரிடமும் எதுவும் சொல்வதில்லை. எனக்கு என்ன தெரியும்? போன மாதம் ஒரு இளம்பெண் வந்தாள். தைப்பிங்கிலிருந்து இங்கே வங்கி வேலைக்கு மாற்றலாகி வந்தவள். இரண்டு கைகளிலும் முட்டிகள் தடித்து, கறுத்து, மேடு தட்டியிருந்தன. என் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. முடியை வெட்டி முடித்ததும் கேட்டேன்.

"கோச்சுக்காதம்மா. இத டாக்டர்கிட்ட காட்டினியா?"

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லையே அக்கா. ஏன்?"

"காட்டிரு. ஒன்னும் இருக்காது. ஆனா காட்டிரு."

அவள் முகம் மாறியதைப் பார்த்து, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப வந்தாள். படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர்கிட்ட போனேன் அக்கா. ரத்தம் எல்லாம் எடுத்தாங்க. சர்க்கரை இல்ல, ஒன்னும் இல்ல. கடைசியில, என்ன வேலை செய்ற, என்ன விளையாடுறன்னு கேட்டாங்க. ஜிம்முல பாக்ஸிங் பண்றேன்னு சொன்னேன். தினமும் அங்க தொங்குற மூட்டையக் குத்துறேன்ல, அதுல தோல் காய்ச்சிருக்கு. கையில துணிய ஒழுங்காச் சுத்திட்டுக் குத்துன்னு அனுப்பிட்டாங்க."

"பாக்ஸிங்கா? நீயா?"

"ஆமா லா அக்கா. சனிக்கிழமை பொம்பளைங்களுக்குத் தனியா வகுப்பு இருக்கு. வாரீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே அவளைத் தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினேன். குத்தும்போது முடி கண்ணில் விழுகிறதாம், முன்பக்கத்தை இன்னும் குட்டையாக வெட்டச் சொன்னாள். நான் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு முன்னால் போய், அவள் நெற்றியில் சீப்பை வைத்தேன்.